பத்து நிமிடம் பிந்திய புரதம்

சுதர்ஷினிக்கு ஒரேயொரு ஆத்திரம்தான். ஆயுசு முழுக்க வேக அது போதும்.

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் வரை போய் வந்து, பதுளையில் விஞ்ஞானம் படிப்பித்தவள். பாடசாலை விட்டதும் அவள் பார்த்த வேலையே வேறு. உடம்பிலுள்ள ஒவ்வொரு புரதமும் ஒரு நீளச் சங்கிலி. அது தானாகவே மடிந்து சுருண்டு ஓர் உருவம் எடுக்கும். சங்கிலியின் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த உருவம் எப்படியிருக்கும் என்று கணினியில் கணித்துச் சொல்ல வேண்டும். லயத்து அறையிலிருந்த பழைய கணினியில்தான் இத்தனையும். கரண்ட் போனால் மூன்று நாள் கணக்கும் போச்சு.

2006இல் வெளிநாட்டில் ஒரு போட்டி. ஆய்வுகூடம் கண்டுபிடித்து ஒளித்துவைத்திருக்கும் உருவத்தை யார் சரியாகச் சொல்கிறார்கள் என்று பார்ப்பார்கள். முன்வரிசையில் வந்தால் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொள்வதாக ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். இரண்டு மாதம் மாடாய் உழைத்தாள்.

கடைசி நாள் காலையிலேயே உருவம் தயார். கிரீனிச் நேரம் பகல் பதினொரு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஆறு மணித்தியாலம் கூட்டினால் நமக்கு மாலை ஐந்து. நேரந்தான் கிடக்கிறதே என்று ஒரு வளைவை மறுபடியும் சரிபார்த்துவிட்டு, ஆறுதலாக பஸ் பிடித்து, பதுளையில் ஷுக்ரியின் இன்டர்நெட் கடைக்குப் போனாள். அனுப்பியபோது மணி நாலு நாற்பது. உடனே பதில் வந்தது. நேரம் முடிந்துவிட்டது, ஏற்க முடியாது.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்குங்க!" என்று கத்தினாள்.

வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக்கொடுக்கும் ஷுக்ரிக்கு நேரக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. "எத்தன கூட்டினீங்க டீச்சர்?"

"ஆறு."

"சித்திரையில நேரத்த மாத்தினாங்களே. இப்ப அஞ்சரைதான். நாலரையோட முடிஞ்சிருக்கும்."

ஆள்கிறவர்கள் பத்து வருடத்தில் மூன்று தடவை கடிகாரத்தில் கைவைத்தார்கள், அவர்களுக்கென்ன! ஆனால் சித்திரையில் வீட்டு மணிக்கூட்டைத் திருப்பி வைத்தவளே சுதர்ஷினிதான். பத்து வருடமாகக் கூட்டிப் பழகிய ஆறு மட்டும் மண்டையில் அப்படியே இருந்துவிட்டது. அரசாங்கத்தைத் திட்டினாள், அந்த வளைவைத் திட்டினாள், கடைசியில் தன்னையே திட்டித் தீர்த்தாள். பேராசிரியருக்கு நடந்ததை எழுதினாள். பட்டியலில் பெயரில்லாதவரைச் சேர்க்க வழியில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

மார்கழியில் உண்மையான உருவத்தை வெளியிட்டார்கள். அதைத் தன்னுடையதன்மேல் வைத்துப் பார்த்தாள். வளைவுக்கு வளைவு பொருந்தியது.

மலையிலிருந்து கொழுந்து எடுத்துவிட்டு வந்த அம்மா வேலாயி, மகள் அழுவதைக் கண்டு பதறிப்போனாள்.

"என்னா புள்ள, தப்பாப் போச்சா?"

"இல்லம்மா, சரியா இருக்கு."

"சரியா இருந்தா எதுக்கு அழுவுற?"

"தப்பா இருந்திருந்தா இன்னையோட விட்டிருப்பேம்மா."