மலர் அக்கா தமிழில் சொன்ன பிரெஞ்சுப் படம்

மலர் அக்கா போய்விட்டார் என்று அவரது கணவர் தொலைபேசியில் சொன்னபோது நான் ஆய்வுகூடத்தில் நின்றேன். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று முதல்நாள்தான் கேள்விப்பட்டிருந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் என் பக்கத்து மேசை அவருடையது.

மெல்பேர்னில் உள்ள நம்மவர்களில் பலர் அவரை அறிவீர்கள். கொழும்பில் பிரெஞ்சு படித்தவர். ஓப்பரா ஒன்றிலிருந்து எடுத்த பழைய பிரெஞ்சுப் படமொன்றில் அவருக்குத் தனிப் பிரியம். காதலனிடம் போவதா, பெற்றோருடன் இருப்பதா என்று தவிக்கும் பரிஸ் தையற்காரப் பெண்ணின் கதை அது. சுருள்களை இரவல் வாங்கி நமக்குப் போட்டுக் காட்ட நினைத்தார். திரையின் கீழே ஆங்கில எழுத்துகூட ஓடாத பிரதி என்பதால், தானே நின்று தமிழில் சொல்வதாக ஏற்பாடு.

“பாட்டைச் சொல்லுக்குச் சொல் மாத்தப்படாது. பாடுறவள் என்னத்துக்குப் பயப்படுறாள் எண்டு சொன்னால் காணும்” என்பார்.

படம் போட இருந்த வாரம்தான் இலங்கையில் தமிழருக்கு எதிரான எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரம் மூண்டது. கொழும்பில் அவருடைய தம்பி இருந்தான். என் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. படத்தை நிறுத்துவோம் என்றேன்.

“வீட்டில தனிய இருந்து ரேடியோ கேட்டு விசர் பிடிச்சுப் போகப் போறியளோ? எல்லாரும் வரட்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் படம் போடுற ஹோல் நம்பரைக் குடுத்திருக்கிறன். லைன் கிடைச்சால் அங்க எடுப்பினம்.”

மெல்பேர்ன் புறநகரான நோபிள் பார்க்கில் ஒரு தேவாலய மண்டபம். நான் புரொஜெக்டரை ஓட்டினேன். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். காது மட்டும் பக்கத்து அறைத் தொலைபேசியில் இருந்தது. போக வேண்டாம் என்று மகளிடம் தகப்பன் கெஞ்சிப் பாடும் இடத்தில் அது மணியடித்தது. ஒருவரும் எழும்பவில்லை. யாருடைய செய்தியோ என்ற பயம்.

அக்காதான் போனார். படம் தமிழில்லாமல் பாடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தவர், “தகப்பன் கோபத்தில கத்தேல்லை, பயத்தில கத்துறார்” என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. முகத்தைப் பார்க்க இருட்டு விடவில்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அவரிடம் ஓடினேன்.

“தம்பி உயிரோட இருக்கிறான். வீடு எரிஞ்சு போச்சு.”

“ஏனக்கா அப்பவே சொல்லேல்லை?”

“இவ்வளவு பேர் காத்துக்கொண்டு இருக்கேக்க நான் மட்டும் எப்பிடிச் சிரிக்கிறது?” என்றவர், தொடர்ந்து சொன்னார்: “உங்கட அம்மா அப்பாவைத் தேடிப் பாக்கச் சொல்லித் தம்பியிட்டச் சொன்னனான். விசாரிச்சிட்டு இஞ்சை ஒருக்கா எடுப்பான். பயப்படாமல் இருங்கோ.”

பயப்படாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மண்டபத்தைப் பூட்ட வந்தவரிடம் மன்றாடி, என்னோடு அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார். மறுபடி மணியடித்தது: அவர் தம்பி என் அம்மாவையும் அப்பாவையும் அகதி முகாமில் கண்டுபிடித்துவிட்டான். பிறகு அவர்கள் கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள்.

தன் தம்பி தப்பிய சந்தோசத்தை அன்று அவர் அடக்கிக்கொண்டதும், அதே மூச்சில் என் வீட்டாரை விசாரித்ததும் என்னோடே இருக்கின்றன. இப்போதெல்லாம் எனக்கு நல்ல செய்தி வந்தால், அறையில் இன்னும் காத்திருப்பவர் யார் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.