கவரைப்பேட்டை வீட்டில் வேகாத பருப்பு

எழுபதுகளின் நடுப்பகுதி. திருவள்ளூரில் நானும் அம்மாவும் ஒரு சிறிய போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். நான் பாலிடெக்னிக்கில் கட்டடத் துறை படித்துவிட்டு, சென்னையில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். எதையும் எண் போட்டு எழுதிப் பழகிவிட்டதால், நடந்ததையும் முதலில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

1. அப்பா இறந்த பிறகு அவர் வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு தொகை வருவதாக இருந்தது. பெரிய தொகை இல்லை.
2. அதில் சின்னதாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்தேன்.
3. மூன்று ஊர்களை ஒப்பிட்டுப் பார்த்துக் கவரைப்பேட்டையைத் தேர்ந்தெடுத்தேன்.
4. தை மாதத்தில் போய் வீட்டைப் பார்த்தேன். பிடித்தது.
5. சித்திரையில் அச்சாரம் கொடுக்கப் போனோம். அன்று அந்த வீட்டு அடுப்பில் பருப்பு வேகவில்லை.

வீடு வாங்கும் யோசனை ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு நான் ஒரே பெண். கல்யாணத்துக்குப் பிறகு என் சம்பளத்திலிருந்து அம்மாவுக்குக் கொடுக்க விடுவார்களோ மாட்டார்களோ, யார் கண்டது? அம்மா யாரிடமும் போய் நிற்கக் கூடாது. மாதம் பிறந்தால் ஒரு வாடகை அவள் கைக்கு வர வேண்டும். எனவே நான் தேடியது நாங்கள் குடியிருக்க ஆசைப்படும் வீட்டை அல்ல. ஒரு மாதம்கூடக் காலியாகக் கிடக்காத வீட்டை.

பொதட்டூர்பேட்டையில் விலை குறைவு, ஆனால் ரயில் இல்லை. கடம்பத்தூரில் ரயில் உண்டு, தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. ஆனால் நான் பார்த்த வீடு ஓர் அறை சிறியது. கவரைப்பேட்டையில் ரயிலும் உண்டு, சுற்றிலும் ஆலைகளும் வந்துகொண்டிருந்தன. வேலைக்கு வருகிற குடும்பங்கள் எங்காவது தங்கத்தானே வேண்டும்? காகிதத்தில் கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் மார்க்கு போடுறியாடி? பொதட்டூர்பேட்டை பெயிலா?"

"பெயில்தாம்மா."

"உங்கப்பா என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப இப்டிப் போட்டிருந்தா நானும் பெயிலாயிருப்பேன்" என்றாள்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரகருடன் அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் சுற்றுச்சுவர் கட்டிய கிணறு. நான் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். காம்பஸ் வைத்து வாசல் தெற்கு என்று குறித்துக்கொண்டேன். ஓடுகளுக்கு அடியில் அவற்றைத் தாங்கும் ரீப்பர் மரச்சட்டங்களைக் கட்டையால் தட்டித் தட்டிக் கேட்டேன்.

தரகர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இன்னாம்மா, ஊடு பாக்க வந்தியா, ஊட்டுக்கு வைத்தியம் பாக்க வந்தியா?" என்றார்.

கிணற்றுத் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இளநீர் மாதிரி இருந்தது. அங்கே ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. கணவர் பக்கத்து ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டுகிறவர். அவர் மனைவிக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். அறை அறையாகக் காட்டினாள். நான் எது கேட்டாலும் தரகர்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். அவள் "பாருங்கக்கா" என்பதற்கு மேல் பேசவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். என் காகிதத்தில் 'குடித்தனக்காரர் இருக்கிறார்' என்று எழுதி அதற்குத்தான் அதிக மதிப்பெண் போட்டேன். ஆள் இருக்கிறார்கள் என்றால் வீடு நன்றாக வாடகை போகிறது என்றுதானே அர்த்தம்?

அப்பாவின் பணம் கைக்கு வரப் பங்குனி முடிந்துவிட்டது. சித்திரையில் ஒரு நல்ல நாள் பார்த்து, அம்மாவும் நானும் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அச்சாரப் பணம் அம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. தரகர் வீட்டுக்காரரைக் கூட்டிவரப் பொன்னேரிக்குப் போயிருந்தார். நாங்கள் அந்த வீட்டிலேயே காத்திருந்தோம்.

வெயிலில் வந்த அம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அந்தப் பெண் உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். "தண்ணி போதும்மா" என்று அம்மா சொல்லியும், "மோரு குடிங்கம்மா, வெயிலு" என்று மறுபடியும் மோரையே ஊற்றினாள்.

அம்மாவுக்கு யாரிடமும் பேசாமல் இருக்க முடியாது. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்துவிட்டாள்.

"இவ ஒரே பொண்ணும்மா எனக்கு. நாளைக்கு ஒருத்தன் ஊட்டுக்குப் போயிடுவா. அப்பறம் எனக்கு சோறு போடப் போறது இந்த ஊடுதான். ஓடெல்லாம் ஒழுவாம பாத்துக்கோ, இன்னா?"

அந்தப் பெண் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்து, "அச்சாரம் குடுத்துட்டீங்களாக்கா?" என்றாள்.

"இல்லை. இன்றைக்குத்தான்."

எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பில் இருந்த பானையின் மூடியை எடுத்து, கரண்டியில் பருப்பை அள்ளி என் முன்னால் நீட்டினாள். கொதித்துக்கொண்டிருந்த துவரம்பருப்பு, முழுசு முழுசாக அப்படியே இருந்தது. விரலால் நசுக்கினேன். நசுங்கவில்லை.

"காலைல வச்சதுக்கா. மத்தியானம் வரிக்கும் எரிச்சாலும் இப்டித்தான் கீது. இந்தக் கெணத்துத் தண்ணி" என்றாள். ஒரு டம்ளரில் மொண்டு கொடுத்தாள். குடித்தேன். உப்பு. தையில் நான் குடித்த அதே கிணறு.

"தையில வந்தீங்க. மழ பெஞ்சி அடங்கின நேரம், அப்ப தேனாத்தான் இருக்கும். மாசி போயி பங்குனி பொறந்தா வாயில வக்க முடியாது. குடிக்க, சமைக்க எல்லாம் ரோட்டுக்கு அந்தாண்டப் போயித் தூக்கியாறணும். இன்னிக்கு ஒடம்பு முடியல, போவல. இதுக்கு முன்ன இருந்தவங்களும் சித்திரையில தான் காலி பண்ணாங்க. நாங்களும் ஊடு தேடிக்கினுதான் கீறோம்."

அம்மா அந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "கருவாடு ஊறப் போடலாம்" என்றாள். பிறகு, "அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"வர்றவங்ககிட்ட எதுனா ஒளறினா மறு மாசமே ஊட்ட காலி பண்ணணும்னு சொல்லிட்டாங்கம்மா. அவரு மில்லு இங்க கீது. திடீர்னு எங்க போறது?"

"இன்னிக்கு மட்டும் ஏன் சொன்ன?"

அவள் பானையை மூடினாள். "சோறுன்னு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

தரகரும் வீட்டுக்காரரும் வந்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் யார் சொன்னது என்று தெரிந்துவிடும். நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா முந்திக்கொண்டாள். தெற்குப் பார்த்த வாசல் எங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், மன்னிக்க வேண்டுமாம். அந்தப் பக்கத்தில் வீடு வேண்டாம் என்பவர்கள், யார் மனமும் நோகாமல் இருக்க வழக்கமாகச் சொல்வதுதான் அது.

தரகர் அன்றும் என் கையில் இருந்த காம்பஸைப் பார்த்தார். "ஏம்மா, தையில நீ வந்தப்போ வாசல் எந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்துச்சி?"

நான் காம்பஸைப் பைக்குள் போட்டேன். அவர் பார்வை மெல்லச் சமையலறைப் பக்கம் போனது. அந்தப் பெண் தலை குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சுருக்குப்பையைப் பிடித்தபடியே வந்தாள். எங்கள் பணம் தப்பியது. ஆனால் தரகரின் அந்தப் பார்வை என்னை விடவில்லை.

அடுத்து கடம்பத்தூர் வீட்டை மறுபடி பார்க்கப் போனோம். அப்போதும் தூக்குக்குண்டு, காம்பஸ் எல்லாம் எடுத்துப்போனேன். கூடவே ஒரு பொட்டலத்தில் ஒரு பிடி துவரம்பருப்பு. வைகாசி வெயில், கிணற்றின் அடி தெரிந்தது. அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம், "இதை உங்கள் அடுப்பில் கொஞ்சம் வேகவைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அம்மாவிடம், "பொண்ணுக்கு மசக்கையா?" என்றார். "இன்னும் கல்யாணமே ஆவல" என்று அம்மா சிரித்தாள். பருப்பு மலர்ந்து குழைந்தது. அன்றே அச்சாரம் கொடுத்தோம்.

பத்திரம் முடிந்ததும் நான் மட்டும் கவரைப்பேட்டைக்குப் போனேன். பயந்தபடியே நடந்திருந்தது; வீட்டுக்காரர் அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். முன் அறையில் பாத்திரங்களை மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் குறை ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையை நகர்த்திவிட்டு உட்காரச் சொன்னாள். அவள் கணவர்தான் சற்றுக் கோபமாக இருந்தார். "இவளுக்கு வாயி சும்மா இருக்காது. இப்ப நானு எங்க போவேன்?"

கடம்பத்தூர் வீட்டுக்கு வரச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அறை ஒன்று சிறியது என்பதையும், முன்பணம் எதுவும் வேண்டாம் என்பதையும் சொன்னேன். திருவள்ளூர்ப் பக்கம் நெல் விளைகிற பூமி, ரைஸ் மில்லுக்குப் பஞ்சமில்லை, விசாரித்தும் வைத்திருக்கிறேன் என்றேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அங்க தண்ணி எப்டிக்கா?"

"வைகாசியில் பருப்பு வேகவைத்துப் பார்த்துவிட்டேன்" என்றேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் முகமும் தளர்ந்தது. "வெந்துச்சாம்மா?" என்றார்.

ஆனி பிறப்பதற்கு முன் அவர்கள் கடம்பத்தூருக்குக் குடிவந்தார்கள்.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எனக்குக் கல்யாணம் ஆகி நான் வேறு ஊரில் இருக்கிறேன். அந்த அடுப்படியில் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அன்று முதல் முதலாகப் பார்த்த என் அம்மாவின் சோற்றுக்காகத் தன் கூரையைப் பணயம் வைத்தாள். இப்போது நிலவரம் இதுதான்: கடம்பத்தூர் வீட்டில் அதே குடும்பம் இருக்கிறது, வீடு ஒரு மாதம்கூடக் காலியாகக் கிடந்ததில்லை, அம்மா யாரிடமும் போய் நின்றதில்லை. வாடகை வாங்கப் போகிற நாளில் அம்மா அங்கேயே சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறாள்.