பாதிச் சுருளும் இரட்டைச் சூடும்

சென்ற மழைக்காலத்தில் மூணாறு அருகே எங்கள் எஸ்டேட்டில் வெயிலே இல்லை. அக்கா வீட்டில் கைக்குழந்தையின் துணிகளை மின்சார அடுப்பின் சூட்டில்தான் உலர்த்துவோம். ஒருநாள் அடுப்பின் கம்பிச் சுருள் சரிபாதியில் அறுந்துபோனது.

"நாளைக்கு எலக்ட்ரீசியனைக் கூட்டியாரேன், நீ கைய வைக்காத மாப்ளே" என்றார் மச்சான்.

"அவரு வந்து துணி காயுறதுக்குள்ள புள்ள நடக்க ஆரம்பிச்சிரும் மச்சான்" என்று கேலி செய்துவிட்டு, பாதிச் சுருளை மட்டும் மாட்டினேன். பாதிக் கம்பியில் பாதிக் கரண்டுதான் ஓடும் என்பது பத்தாவதைப் பாதியில் விட்ட என் கணக்கு.

சுருள் செக்கச்செவேலென்று கனன்றது. நான் சிரிப்பதற்குள் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. சுவரோரம் போன ஒயர் தீப்பிடித்து, தொட்டில் சேலையில் பற்றியது. உள்ளே குழந்தை.

"புள்ளைய எடுலே" என்று அக்கா அலறினாள். என் கால் நகரவில்லை. மச்சான் பாய்ந்து குழந்தையை வாரிக்கொண்டு, சேலையை இழுத்துப் போட்டுத் தீயை மிதித்து அணைத்தார். அதே நேரம் பீஸ் போய் வீடு இருண்டது. இருட்டில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அதன் மேல் ஒரு கொப்புளம்கூட இல்லை.

எல்லாம் அடங்கிய பிறகு கணக்குப் போட்டேன். அடுப்பில் 220 வோல்ட், 5 ஆம்பியர் என்றிருந்தது. வகுத்தால் தடை 44 ஓம், பெருக்கினால் 1100 வாட். பாதிச் சுருளுக்குத் தடை 22 ஓம்தான். அதனால் கரண்ட் 10 ஆம்பியர், சூடு 2200 வாட். அந்த ஒயர் தாங்குவதோ ஐந்து ஆம்பியர்.

இப்போது வகுத்துப் பார்க்காமல் எதையும் மாட்டுவதில்லை. "கணக்குப் போட்டாச்சா மாப்ளே?" என்று மச்சான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் கேலியாகப் பதில் சொல்வதில்லை.