டெலிபோனில் வந்த நிச்சயதார்த்தம்

மெர்டேக்கா என்று நாடே சுதந்திரம் கொண்டாடிய மறு வருடம், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் அப்பாவின் துணிக்கடையில் ஏற்கெனவே ஒன்று உண்டு. வெளியாட்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கடை நம்பர்தான். வீட்டு நம்பர் எழுதிய தாள் ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது. அப்பா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். தினமும் அங்கே விளக்கேற்றுவது அத்தையின் வேலை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஜாலான் துக்காங் எமாஸிலிருந்து வந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் இப்படித்தான் சத்தமில்லாமல் நழுவிப்போயின. அன்று காலை டெலிபோனுக்குக் கம்பி இழுத்தவர்கள் கிளம்பியதும் அப்பா அம்மாவிடம், "ராகு காலம் முடிஞ்சதும் மொத போனை அவங்க வீட்டுக்குப் போடு. என்னான்னு கேட்டுரு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்கு டெலிபோனைவிட எக்ஸ்சேஞ்சில் பேசும் இங்கிலீஷ்மேல்தான் பயம். கான்வென்டில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் இருக்கும்போது என்ன பயம்? தலைக்கனத்தோடு நாற்காலியில் ஏறி நின்று நம்பரைச் சொன்னேன். சற்றுப் பொறுத்து எக்ஸ்சேஞ்சுப் பெண்ணின் குரல், "என்கேஜ்ட்" என்றது.

அந்தச் சொல் எனக்கு நன்றாகவே தெரியும். போன மாதம் எங்கள் டீச்சர் புது மோதிரத்தோடு வந்தபோது, வகுப்பே அதைச் சொல்லித்தான் கைதட்டியது.

"அம்மா, அவங்க வீட்டுல நிச்சயம் ஆயிருச்சாம்!"

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் மேசையில் போட்ட ரிசீவர் போட்டபடியே கிடந்தது. அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. அத்தை குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்த அப்பா, "அலாமாக், போனை யாரு இப்படிப் போட்டு வச்சது?" என்று அதை எடுத்து ஒழுங்காக வைத்தார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு விஷயத்தைத் தொடங்குவதற்குள் மணி அடித்தது. மூவரும் துள்ளிவிட்டோம். அப்பா விறைப்பாகத்தான் பேச ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக முகம் இளகியது.

"மாப்பிள்ளையேதான் பேசுனாரு," என்றார், ரிசீவரை வைத்துவிட்டு. "அவங்களுக்குச் சம்மதமாம். வெள்ளிக்கிழமை வர்றாங்க. காலையிலேருந்து நமக்குத்தான் போன் அடிச்சிக்கிட்டு இருந்தாராம். எக்ஸ்சேஞ்சுல என்கேஜ்ட், என்கேஜ்ட்னே சொன்னாங்களாம்."

"நமக்கு யாரோடப்பா நிச்சயம் ஆச்சு?" என்று கேட்டேன்.

அம்மா நடந்ததைச் சொல்லச் சொல்ல, அப்பா சாரோங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லைனில் ஆள் இருந்தால் அப்படித்தான் சொல்வார்களாம். மாப்பிள்ளை எங்களை அழைத்த நேரம் பார்த்து நாங்கள் அவரை அழைத்திருக்கிறோம்; அப்புறம் எங்கள் ரிசீவர் மேசையிலேயே கிடந்திருக்கிறது. அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கும்தான். அத்தையின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று பயந்துபோயிருந்தேன். கண் சிவந்து வெளியே வந்த அத்தை, சிரித்துக்கொண்டே என் கன்னத்தை வலிக்கக் கிள்ளினாள்.

சோற்றில் கை வைத்த பிறகுதான் அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. "ஆமா, இந்த நம்பரு அவருக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் யாருகிட்டயும் சொல்லலையே."

"எக்ஸ்சேஞ்சுல கேட்டிருப்பாருண்ணே," என்று சொல்லிவிட்டு, அத்தை ரசம் எடுக்க அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நானும் அப்படித்தான் நம்பினேன். முந்தைய வாரம் ஜாலான் துக்காங் எமாஸ் விலாசம் எழுதி அத்தை தந்த கடிதத்தை முச்சந்தித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவள் நான்தான். ஆனால் அதற்குக் கூலியாக அவள் வாங்கித் தந்த, சிவப்புப் பாகு ஊற்றிய ஐஸ் உருண்டை மட்டும்தான் அன்று எனக்கு ஞாபகம் இருந்தது.