சுத்தியலும் தீ டிரம்மும்

அவள் பெயரை நான் முதலில் கேட்டது என் தம்பி வாயில்தான். சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தொடாமல், "அக்கா, கொட்டகைக்குப் புதுசா ஒருத்தி வந்திருக்கா. பேரு சுத்தியலாம்" என்றான்.

"பெத்தவங்க வெச்ச பேரா அது?"

"யாரு வெச்சாங்களோ, பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க. வந்த அன்னைக்கே நடு மண்டையில ஒண்ணு போட்டுட்டா."

போட்டது வாயால். பழைய பிளக்குகளை உடைத்து உள்ளே இருக்கும் பித்தளை எடுக்கிற கொட்டகை அது. நான் அங்கே வயர் உரிக்கிற வரிசையில் இருந்தேன். அந்த வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அவள் வந்ததைப் பார்க்கவில்லை. என் தம்பிக்கு எரிக்கிற வேலை. ஒரு தகர டிரம்மில் பிளக்குகளைக் கொட்டித் தீ வைப்பான். பிளாஸ்டிக் எல்லாம் உருகிக் கரியாகி, அடியில் பித்தளைப் பின்கள் மட்டும் மிஞ்சும். அதைக் கம்பியால் கிளறி எடுப்பான். வந்தவள் டிரம் பக்கம் போய் நின்று, "சித்தப்பா, இந்தத் தீயை நிறுத்துங்க" என்றிருக்கிறாள்.

"நிறுத்தச் சொன்னது கூடப் பரவாயில்லக்கா. எந்த வழியில நான் அவளுக்குச் சித்தப்பா?"

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் என்னிடம்தான் வருவார்கள். அவள் அப்பா யார் என்று கேட்டேன். வேறு ஒரு கொட்டகையில் இருபது வருடம் எரித்தவராம், இப்போது படுக்கையில் கிடந்து இருமுகிறாராம். அப்போதே பிடிபட்டுவிட்டது. என் நாத்தனாரின் கொழுந்தன். நாத்தனார் புருஷன் எனக்கு அண்ணன் என்றால் அவர் தம்பியும் அண்ணன் முறைதான். அவர் மகள் எனக்கு மருமகள். நான் அத்தை, இவன் சித்தப்பா.

"சரியாத்தான் கூப்பிட்டிருக்கா. சோறு ஆறுது, சாப்பிடு" என்றேன்.

காய்ச்சல் விட்டு வேலைக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். வாசலுக்கு இடது பக்கம், ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டை முன்னால் போட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, மணிக்கட்டு மட்டும் ஆம்பளைக் கை மாதிரி. பழைய கறுப்பு பிளக்கை நிற்க வைத்து, இரண்டு பாதி சேருகிற கோட்டில் ஒரே தட்டு. வேர்க்கடலை மாதிரிப் பிளந்துகொள்ளும். பித்தளைப் பின் தனியாக வந்து விழும். புதிய வெள்ளை பிளக்குகள் அப்படி மசியாது. பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை வார்த்திருப்பார்கள், சேருகிற கோடே இருக்காது. அதை இரண்டு பக்கமும் கத்தியால் கீறி, குறட்டில் பிடித்து, பல் பிடுங்குகிற மாதிரிப் பிடுங்குவாள். எங்கள் கொட்டகையில் அந்த வெள்ளை பிளக்கைக் கையால் உடைத்தவர்கள் அதுவரை யாரும் இல்லை. அதெல்லாம் நேராகத் தீக்குத்தான் போகும்.

இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு வட்டக் காந்தம். பாட்டுப் பெட்டி ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. எடுத்த ஒவ்வொரு பின்னையும் அதில் ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் கூடையில் போடுவாள்.

"என்னடி இது, சாமி கும்பிடற மாதிரி ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டு வைக்கிற?" என்றேன்.

"அத்தை, மஞ்சளா இருக்கிறதெல்லாம் பித்தளைன்னு நெனச்சிட்டீங்களா? இரும்புக்கு மேல மஞ்சப் பூச்சு பூசி அனுப்பறான். பார்த்தா தெரியாது. இதுக்குத்தான் தெரியும்." காந்தத்தில் ஒரு மஞ்சள் பின் தொங்கிக்கொண்டிருந்தது. "பாருங்க, மாப்பிள்ளை மாதிரி மினுக்கறான். உள்ள பூரா இரும்பு."

அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருந்தால் அவளுக்கு வம்பு வந்திருக்காது. ஆனால் கொட்டகைப் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் குடியிருந்த அறை. ஒரே அறை, ஒரே ஜன்னல். அந்த ஜன்னல் எங்கள் டிரம்மைப் பார்த்து இருந்தது. அப்பா கட்டில் ஜன்னலோரம். தீ வைத்தால் புகை முழுக்க அவர் மூஞ்சிக்குப் போகும். ஜன்னலை மூடி, சந்தில் ஈரத் துணியை அடைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்கு வருவாள். மூடினாலும் இருமல் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். இதை விட்டால் அந்த வாடகைக்கு வேறு அறை கிடையாது. வேலையும் பக்கத்தில் வேண்டும், அப்பாவை நடுநடுவே போய்ப் பார்க்க.

தினமும் கேட்பாள். "சித்தப்பா, நிறுத்துங்க."

"என்கிட்டச் சொல்லி என்ன? நான் எரிக்கிறவன். எரிக்கச் சொல்றவர் அங்க உட்கார்ந்திருக்காரு" என்று என் தம்பி தராசுப் பக்கம் கையைக் காட்டுவான்.

தராசில் உட்கார்ந்திருப்பவர் கொட்டகைக்குச் சொந்தக்காரர். எடைக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவரிடமும் கேட்டாள். அவர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது? உனக்குக் குடுத்த கூடையைப் பாரு."

"என் அப்பாவும் எண்ணெய்க்காகக் காஞ்சவர்தாங்க. எண்ணெய் யாருக்குப் போச்சுன்னு அவர் கட்டில்ல வந்து பாருங்க."

அவர் பல் குத்துவதை நிறுத்தினார். அவ்வளவுதான். தீ நிற்கவில்லை.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை உருக்குப் பட்டறைக்காரரின் வண்டி வந்து வாசலில் நின்றது. எங்கள் பித்தளையை வாங்கி உருக்குகிறவர் அவர். முந்தின நாள் போன மூட்டைகளில் உருக்கியது போக மீதி எல்லாம் திரும்பி வந்திருந்தன. இறங்கினவர் எடைக்காரரைப் பார்த்து, "யோவ், பித்தளை கேட்டா இரும்பைக் கலந்து அனுப்பற. வார்ப்பு பூரா பாழ். இனிமே உன் சரக்கே வேணாம்" என்றார்.

எடைக்காரர் முகம் கறுத்துவிட்டது. கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை வாசலுக்கு இடது பக்கம் வந்து நின்றது.

"புதுக் கை. இவ வந்ததுக்கு அப்புறம்தான் இப்படி. கையால உடைக்கிறேன், கிழிக்கிறேன்னு கண்டதையும் கூடையில போட்டிருக்கா. நாளையிலேர்ந்து வராத."

யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதை மறைப்பானேன்.

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "போறேன். ஆனா மூட்டையைப் பிரிச்சுக் காட்டிட்டுப் போறேன். இரும்பு என் கையில வந்ததா இருந்தா நீங்க சொல்லவே வேணாம், நானே போறேன். தீயில வந்ததா இருந்தா டிரம்மை அணைக்கணும். சரியா?"

"உன்கிட்ட எனக்கு என்ன பேரம்?"

உருக்குப் பட்டறைக்காரர் வண்டியில் சாய்ந்துகொண்டு, "பிரிக்கட்டுமே. நானும் தெரிஞ்சிக்கறேன்" என்றார். அவர் சொன்ன பிறகு எடைக்காரரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. "சரி, சரி, பிரி" என்றார்.

ஒரு கோணியை விரித்து மூட்டையைக் கவிழ்த்தாள். கொட்டினதுமே ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. பாதி பின் பளபளவென்று இருந்தது, ஓரத்தில் கத்தி கீறிய தடம். அது அவள் எடுத்தது. மீதிப் பாதி கரி பூசினது போலக் கறுப்பு. அது டிரம்மில் வந்தது. இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் மூட்டை கட்டுவோம்.

இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, காந்தத்தைக் குவியலுக்கு மேல் மெதுவாக ஓட்டினாள். டக் டக்கென்று ஏறி ஒட்டிக்கொண்டன. எடுத்துப் பார்த்தால் கறுப்பு. தட்டிவிட்டு மறுபடி ஓட்டினாள். கறுப்பு. மறுபடியும் கறுப்பு.

அதைச் செய்தது என் தம்பிதான். வேண்டுமென்று செய்யவில்லை. பிளக்கு என்றால் பின் பித்தளை என்று இருபது வருடப் பழக்கம். பூச்சுப் பின் வர ஆரம்பித்தது அவனுக்குத் தெரியாது. தீயில் போட்டால் பூச்சும் போய், நிறமும் போய், இரும்பும் பித்தளையும் ஒரே கறுப்பாகிவிடும். அப்புறம் கண்ணால் பார்த்து என்ன தெரியும்?

நாலாவது தடவை ஓட்டியபோது கறுப்புக்கு நடுவே ஒன்று மட்டும் மஞ்சளாக மின்னியது. கத்தித் தடம் இருந்தது. வேறு ஒருத்தியாக இருந்தால் விரல் இடுக்கில் மறைத்திருப்பாள். அவள் எடுத்து எடைக்காரர் தராசுத் தட்டில் டங்கென்று வைத்தாள்.

"இது என்னுது. எப்படியோ தப்பிச்சிருச்சு. மத்ததெல்லாம் டிரம்மோடது."

உருக்குப் பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். "கையால எடுத்ததை அனுப்பு, வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி தெருமுனை திரும்புகிற வரை எடைக்காரர் காத்திருந்தார். பிறகு, "நீ இரு. வேலை பாரு. டிரம் பாட்டுக்கு டிரம் இருக்கும். கறுப்பை வேற பட்டறைக்கு அனுப்பிக்கறேன்" என்றார்.

"பேசினது அது இல்லையே."

"பேசினது நீ. நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்."

அவள் வாளியை எடுத்துக் குழாயடிக்குப் போனாள். வரிசையாக உட்கார்ந்து சரக்குக் கழுவுகிறவர்களைத் தாண்டி, நிரப்பிக்கொண்டு, நேராக டிரம்மிடம் வந்து கவிழ்த்தாள். சுர்ரென்று ஆவி எழும்பிக் கூரைத் தகரத்தைத் தொட்டது.

என் தம்பி கம்பியோடு துள்ளிப் பின்னால் போனான். "ஏய், பைத்தியமா உனக்கு?"

"நீங்க கொளுத்துங்க சித்தப்பா. நான் ஊத்தறேன். யார் கை முதல்ல வலிக்குதுன்னு பார்ப்போம்."

எடைக்காரர் அவளை வெளியே போகச் சொன்னார். போனாள். மறுநாள் காலை தன் வாளியோடு வந்தாள். ஊற்றினாள். துரத்தினார்கள், போனாள். மூன்றாம் நாள் வாசற்கதவை உள்ளே தாழ் போட்டார்கள். அவள் தன் அறை ஜன்னலைத் திறந்து, அப்பாவின் கட்டிலில் ஏறி நின்று, அங்கிருந்தே ஊற்றினாள். பாதி சுவரில் போனது, பாதி டிரம்மில் விழுந்தது. உள்ளேயிருந்து அவள் அப்பாவின் குரல் வந்தது: "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்மா." இருபது வருடம் எரித்த மனிதர். கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்துவிட்டோம். என் தம்பியும் சிரித்தான், முதுகைத் திருப்பிக்கொண்டு.

நாலாம் நாள் நான் வீட்டிலிருந்து ஒரு வாளி கொண்டுபோனேன்.

"நீயுமா அக்கா?" என்றான்.

"ஆமா. ராத்திரி நீ இருமறது எனக்குக் கேட்காதுன்னா நெனச்ச? மருமகளைத் தனியா விட்டா நான் என்ன அத்தை?"

கழுவுகிற வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். என் தம்பி கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். "நான் எரிக்கலைங்க. வேற ஆளைப் பாருங்க" என்று எடைக்காரரிடம் சொன்னான். வேறு ஆள் வரவில்லை. கறுப்புப் பின்னை வாங்க வேறு பட்டறையும் வரவில்லை. அந்தப் பட்டறைக்காரர் வாயில் விழுந்த செய்தி எங்கே நிற்கும்? பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எடைக்காரர் அவளைக் கூப்பிட ஆள் அனுப்பினார். டிரம்மை வெளியே உருட்டாதவரை காலெடுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். உருட்டினார்கள். எடைக்காரராயிற்றே, அந்த டிரம்மையும் எடைக்குப் போட்டுவிட்டார்.

தீ நின்றதும் அவள் அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. நிற்கவில்லை. இரண்டு வருடம் இருமிவிட்டுத்தான் போனார். ஆனால் அந்த இரண்டு வருடமும் ஜன்னல் திறந்தே இருந்தது. பகலில் இங்கே தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்கும். தட்டு பிசகினால் அங்கிருந்தே, "கோடு தப்பிடுச்சும்மா" என்பார்.

வெள்ளை பிளக்கைக் கீறிப் பிடுங்குவதை என் தம்பிக்கும் அவள்தான் காட்டிக்கொடுத்தாள். முதல் வாரம் மூன்று விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். "ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணலாம்" என்று அவள் சொல்வாள். கத்தி சரியில்லை என்று அவன் சொல்வான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறான்.

அவள் அதே கொட்டகையில்தான் இருக்கிறாள். வாசலுக்கு இடது பக்கம், அந்தத் தண்டவாளத் துண்டுக்கு முன்னால். பின்சுவருக்கு அந்தப் பக்கம் அதே அறை.