கிருஷ்ணம்மா வழியனுப்பும் விதம்

1966இல் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் வாத்தியார் வேலை கிடைத்து, வாடகைக்கு அறை தேடிப் போனபோதுதான் கிருஷ்ணம்மாவைப் பார்த்தேன். கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து ஒரு குரல் இடித்தது.

"யார்யா அது? இன்னா வோணும்?"

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தான். எங்கள் வம்சத்தில் முதல் பி.ஏ. எங்கள் பக்கம் திருடனைக்கூட 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டைக்காரி போலிருக்கிறது என்று திரும்பி நடந்தேன்.

"ஏய், இன்னா போய்க்கினே கீற? காப்பி குட்சிட்டுப் போ!"

டம்ளரோடு தெருவரைக்கும் வந்துவிட்டார். முன்னறை எனக்கே என்று ஆயிற்று.

அவர் கணவர் கோவிந்தன் சுரங்கத்தில் வேலை பார்த்து, பாறைத்தூசு நெஞ்சில் அடைத்து இறந்தவர். அந்தத் தெருப் பெண்கள் ஷிஃப்டுக்குப் போகும் ஆம்பளையைச் சிரித்து அனுப்பமாட்டார்கள். "போ, போ, இன்னா நின்னுகினு கீற" என்று விரட்டித்தான் அனுப்புவார்கள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"கொஞ்சி அனுப்னா அதையே நெனச்சிக்கினு கேஜ் லிப்ட்ல சொரங்கத்துக்குள்ள எறங்குவான் சாரு. கை நடுங்கும். திட்டி அனுப்னா, பதிலுக்குத் திட்டவாவது திரும்பி வருவான்."

ஒரே மகள் வள்ளியை உறவுக்காரர் மூலமாக ஈரோட்டு ராஜமாணிக்கத்துக்குக் கட்டிக்கொடுத்தார். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை கிளம்பும்போது, கிருஷ்ணம்மா வாசலில் நின்று தன் வழக்கப்படி வழியனுப்பினார்.

"போ நைனா, போய்க்கினே இரு. ரயிலு ஒனக்கோசரம் நிக்குமா?"

நான் அப்போது ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் அவரே சொன்னார்: "மாப்ள மூஞ்சி கருத்துப் போச்சு சாரு. நைனான்னு ஆசையாத்தான கூப்ட்டேன்?"

பொங்கலுக்கு வள்ளி வரவில்லை. மாசமாக இருக்கிறாள் என்று சேதி வந்தது. கூடவே, பிரசவம் ஈரோட்டிலேயே என்றும். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்காமல் விடுவதா? நேரில் போய் அழைக்க முடிவு செய்தார்.

"ஒங்க ஊரு மரியாத எனுக்குக் கத்துக் குடு சாரு."

சாயங்காலம்தோறும் கற்றுக்கொடுத்தேன். அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, "சௌக்கியங்களா மாப்ளைங்க? வாங்கொ, உக்காருங்கொ" என்று சொல்லிப் பார்ப்பார். வார்த்தைகள் எல்லாம் சரியாக இருந்தன. குரல்தான் கோலார் தங்கவயல்.

துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஈரோட்டில் இறங்கினார். சம்பந்தியம்மா சௌந்தரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கிருஷ்ணம்மா எழுந்து நின்று, கையைக் கூப்பி, தெருமுனை வரை கேட்கும்படி ஆரம்பித்தார்.

"சௌக்கியங்களா சம்பந்திங்க? நல்லா கீறீங்களாங்க?"

சௌந்தரம் செம்பைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு எம் மகனை வாசல்ல நிக்க வெச்சுத் தொரத்துனீங்க. இன்னைக்கு எங்க பேச்சைப் பேசிக் காட்டறதுக்குன்னே ரயிலேறி வந்தீங்களாக்கும்?"

"அம்மா, அவங்க கிண்டல் பண்ணலீங்க. கத்துக்கிட்டு வந்திருக்காங்க. அன்னைக்குச் சொன்னதும் அவங்க ஊர் வழக்கங்க" என்று குறுக்கே விழுந்தேன்.

"படிச்ச தம்பி நீங்க. நீங்களுமாங்க இதுக்குத் தொணை?"

ராஜமாணிக்கம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பிரசவம் இங்கதானுங்க" என்றார். நாங்கள் கிளம்பினோம்.

வள்ளி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். மாமியார் பின்னாலேயே நின்றார். வள்ளி அம்மாவின் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"போயிட்டு வாங்கம்மா. பத்திரமா போங்க."

ரயிலில் ஜோலார்பேட்டை வரை கிருஷ்ணம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: "எம் பொண்ணு பூட்டா சாரு. பாத்தியா, இன்னா மரியாதையா அனுப்ச்சா."

"மாமியார் பக்கத்துல நிக்கும்போது வேற எப்படிம்மா பேசுவா? பயந்துக்கிட்டுப் பேசியிருப்பா."

"எம் பொண்ணு பேச்சு எனுக்குத் தெரியாதா? நெஞ்சுல நானு இருந்திருந்தா, 'போ, இன்னா நின்னுகினு கீற'ன்னு ஒரு வார்த்த திட்டியிருப்பா."

எவ்வளவோ சொன்னேன். பி.ஏ. படித்த வாய் அவரிடம் எடுபடவில்லை. பேத்தி பிறந்த சேதி வந்தபோதும் அவர் போகவில்லை, ஈரோட்டுக்காரர்கள் வள்ளியையும் அனுப்பவில்லை. பிறகு நானே இரண்டு முறை ஈரோட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன். பெரிய மரியாதையோடு உபசரித்து, மரியாதையோடே அனுப்பிவைத்தார்கள்.

இது 1973. கிருஷ்ணம்மா ராபர்ட்சன்பேட்டையில் அதே வீட்டில் தனியாக இருக்கிறார். பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அவளை அவர் இன்னும் பார்க்கவில்லை.