மருமகளோடு படித்த நாவல்

என் தோழி தன் மருமகளோடு சேர்ந்து ஒரு நாவல் படிக்கிறாள் என்பது போன ஆவணியில் எனக்குத் தெரியவந்தது. கல்லூரி நாளிலிருந்து அவள் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் என்னிடம்தான் சொல்வாள். இந்த முறை பாதிக்கு மேல் படித்துவிட்டு, போனில் கத்தரிக்காய் விலை பேசும்போது இடையில் சொன்னாள்.

“நம்ம படிச்ச அந்தப் பழைய கதைதான்டி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக மாத்தி எழுதியிருக்காங்க. எம் மருமக வாசிக்கிறா, நான் கேக்குறேன். சாயங்காலமானா ரெண்டு பேருக்கும் வேற வேலையே ஓடல.”

பழைய கதையில், கடிதங்களாலேயே வளர்ந்த ஒரு காதல் கைக்குச் சேராத ஒரு கடிதத்தால் முறிந்துபோகும். புதியதில் அந்த இருவரும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். கடிதத்துக்குப் பதில் வாட்ஸ்அப். நான் அதைப் போனில் மின்னூலாக வாங்கிக் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே படித்தேன். பங்குனியில் வைகை கரைபுரண்டு ஓடுவதாக ஓரிடத்தில் வந்தது. அந்த ஒரு பிழைதான் கிடைத்தது. அவன் ஆன்லைனில் இருப்பதைப் பார்த்தும் ஒன்றும் அனுப்பாமல், அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறும் இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. மோசமான புத்தகமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வாடிப்பட்டியில் தோழி வீட்டுக்குப் போனேன். மருமகள் காபி கொடுத்துவிட்டு, மாமியாரின் கட்டிலில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

“டீச்சரம்மா, இந்தக் கதைய முதல்ல படிச்சப்ப அத்தை அழுதுச்சாம்ல? கடைசி வருசம், நல்ல வெயில் காலத்துல, பஸ்ல உக்காந்து அழுதுச்சாம். கண்டக்டர் வந்து, ‘என்ன பாப்பா, பர்ஸத் தொலைச்சுட்டியா’ன்னு கேட்டாராம்.”

அது கடைசி வருடம் இல்லை, இரண்டாம் வருடம். வெயில் காலமும் இல்லை, ஐப்பசி. வாடகை நூல் நிலையத்தில் தடித்த நாவல்களை இரண்டாகப் பிரித்து பைண்டு செய்து வைத்திருப்பார்கள். முதல் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள். காத்திருக்கப் பொறுக்காமல் இரண்டாம் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். காதலர்களின் பிரிவு முழுவதும் என் பாதியில்தான் இருந்தது. பஸ்ஸில் அழுதது நான். கண்டக்டர் கேட்டதும் என்னிடம்தான்.

“அது செகண்ட் இயர்” என்றேன். “ஐப்பசி மாசம். பஸ்ஸுக்குள்ள மழை ஒழுகிச்சு.”

“ஆரம்பிச்சுட்டா. வருசத்த மட்டும் விடவே மாட்டா இவ” என்றாள் தோழி, மருமகளைப் பார்த்து.

“அழுதது நான்டி.”

என்னை ஒரு முறை பார்த்தாள். “நீயா? நீயும் அந்த பஸ்லயா வந்த?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டாள்.

ஒரு பழைய நாவலை யார் எப்படி மாற்றி எழுதினாலும் மூலம் எங்காவது ஓர் அலமாரியில் இருக்கும். அந்த பஸ்ஸுக்கு எங்கள் இருவரையும் விட்டால் வேறு பிரதி கிடையாது. அவளுடைய பிரதியில் நான் இல்லை. அதைத்தான் மருமகள் கேட்டிருக்கிறாள். நாளைக்கு அவள் தன் பிள்ளைகளுக்குச் சொல்லப்போவதும் அதுதான்.

காபி ஆறிக்கொண்டிருந்தது. மருமகள்தான் பேசினாள்.

“டீச்சரம்மாதான் அழுதிருப்பாங்கத்தே. நீங்க எங்க அழுதீங்க? மனசு கஷ்டமாச்சுன்னா உங்களுக்குச் சிரிப்புல்ல வரும். நேத்துகூட அவங்க பிரியுற எடத்துல சிரிச்சீங்களே.”

தோழி சிரித்தாள். “அப்ப இவதான் போல. எம்புட்டு வருசமாச்சு, யாருக்கு ஞாபகம் இருக்கு?”

தீர்ப்பு என் பக்கம் வந்தது. ஆனால் சாட்சி சொன்னவள் மருமகள். அன்று பஸ்ஸில் நான் அழ அழ தோழி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். கல்யாணமாகி வந்து இரண்டு வருடம்கூட ஆகாத பெண் அதைக் கண்டுபிடித்து, என் முன்னாலேயே சாதாரணமாகச் சொல்கிறாள். அவளைப் பிடிக்காமல் போவதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“சனிக்கிழமை இதே ஆளு எழுதின இன்னொன்ன ஆரம்பிக்கிறோம்” என்றாள் தோழி.

“நானும் வாரேன்.”

“உன்னைய யாருடி கூப்புட்டா?”

“என்னைய எதுக்குக் கூப்பிடணும்?”

“வாங்க டீச்சரம்மா” என்றாள் மருமகள். “நீங்களும் இருந்தா நல்லாருக்கும்.” மனதார அழைத்தாள். விருந்தாளியை அழைப்பதுபோல அழைத்தாள்.

புத்தகத்தின் பெயரைப் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திரும்பும் வழியில், வீட்டுக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கிப் புத்தகக் கடைக்கு நடந்தேன். மருமகள் முதல் அத்தியாயத்தை வாசிக்கும்போது நான் முழுவதையும் படித்து முடித்திருக்க வேண்டும்.